ஏழு மணி ஷிப்டுக்கு ஒரு பஸ்: நிபோங் திபாலிலிருந்து பத்து காவான் வரை விட முடியுமா?

வால்டோர்வாசி | திங்கள், இரவு 9.42

வணக்கம். பினாங்கு பெருநிலத்தில் உள்ள பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். வீடு சுங்கை பாக்காப் பக்கம், வால்டோரில். காடியில் போனால் இருபது நிமிடம். காடி இல்லாதவர்களுக்காகத்தான் இந்த இழை.

எங்கள் லைனில் ஒரு பெண் போன மாதம் வேலையை விட்டுவிட்டாள். சம்பளம் போதாமல் இல்லை, யாரோடும் சண்டையும் இல்லை. தினமும் அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அண்ணனுக்கு ஜோகூரில் வேலை கிடைத்தது. அவ்வளவுதான், இவள் வேலை போயிற்று. விடியற்காலை 5.45க்கு, கைபேசியில் கூப்பிடும் இ-ஹெய்லிங் காடி எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் ஒரு வழிக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. போக வர நாற்பது என்றால் மாதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். நிபோங் திபாலில் புறப்பட்டு சுங்கை பாக்காப், வால்டோர், சிம்பாங் அம்பாட், புக்கிட் தம்புன் வழியாகப் பத்து காவான். மாறாத வழி, மாறாத நேரம். எந்தக் கம்பெனி ஆளாக இருந்தாலும் ஏறலாம். ஞாயிறன்று கோயில் முடிந்து ஆறு பேர் உட்கார்ந்து பேசினோம், முப்பது பேராவது தேறுவார்கள் போலிருக்கிறது. பெர்மிட், செலவு, டிரைவர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்பாங்நாலு | திங்கள், இரவு 9.58

ரேப்பிட் பினாங்கு பஸ் அந்தச் சாலையில் ஓடுகிறதே, அது போதாதா?

வால்டோர்வாசி | திங்கள், இரவு 10.10

ஓடுகிறது, ஊருக்கு ஊர் போக நானும் ஏறியிருக்கிறேன். ஆனால் அது கேட் கேட்டாக ஆள் இறக்குவதற்குப் போட்ட பஸ் இல்லையே அண்ணே. ஏழு மணி ஷிப்ட் என்றால் 6.40க்குக் கேட்டில் நிற்கவேண்டும். லாக்கர், உடுப்பு மாற்றுதல், முந்திய ஷிப்டோடு பேச்சு, எல்லாம் அதற்குள்.

மழைக்கோட்டு | திங்கள், இரவு 10.31

நான் மோட்டார்க்காரன், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கே பாலம் தாண்டிப் போகிறேன். 2019லிருந்து இரண்டு பாலத்திலும் மோட்டாருக்கு டோல் கிடையாது. வாரத்துக்குப் பத்து பன்னிரண்டு வெள்ளி எண்ணெய், நினைத்த நேரம் புறப்படலாம். பஸ் வந்தால் மழை நாளில் மட்டும் ஏறுவேன்.

பழைய ஸ்டீயரிங் | செவ்வாய், காலை 6.15

மழைக்கு மட்டும் ஏறுகிறவனை நம்பிப் பஸ் விட்டால் வெயில் காலத்தில் டிரைவர் பட்டினி. அந்தத் தம்பியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கோபம் இல்லை, உண்மை.

நான் 22 வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972ல் ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடம். அம்மா அந்தக் காலத்திலேயே தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போனவர். 1985ல்தான் பாலம் வந்தது. அதுவரை பஸ், பெர்ரி, மறுபடி பஸ். ஒரு ஷிப்டுக்கு மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். பிறகு நான் அதே வேலைக்கு ஸ்டீயரிங் பிடித்தேன் என்பது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். காலியாகத் திரும்புகிற பஸ் கடனில் போய் நிற்கும். காலை ஏழுக்கு ஆளை இறக்கினால், அதே கேட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் கண் செருகிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். சாயந்திரம் ஏழுக்கும் அப்படியே. ஆக, பகல் ஆட்களை மட்டும் எண்ணாதே தம்பி. ராத்திரி ஆள் எத்தனை பேர் என்று கேள்.

இன்னொன்று. காலையில் கொண்டுபோய் விடுவது சுலபம், எல்லாரும் ஒரே நேரம் உள்ளே போக வேண்டும். திரும்பி வருவதில்தான் எல்லாப் பஸ்ஸும் கெடும். எங்கள் காலத்தில் எட்டு மணி நேர ஷிப்ட், காலை ஏழு, மாலை மூன்று, இரவு பதினொன்று. மூன்றுக்குக் கேட்டில் பஸ் போட்டு நிற்பேன். இரண்டே முக்காலுக்கு லீடர் வந்து “இன்றைக்கு ஓ.டி.” என்று சொல்லியிருப்பான். நாற்பது பேரில் பதினைந்து பேர் உள்ளேயே தங்கிவிடுவார்கள். மீதிப் பேர் பஸ்ஸில் வெந்துகொண்டிருப்பார்கள். போவதா, நிற்பதா? போனால் பதினைந்து பேருக்கு ராத்திரி வழியில்லை. நின்றால் இருபத்தைந்து பேர் சாபம். இதற்கு விடை தெரியாமல் பஸ் வாங்காதே.

நைட்ஷிப்ட்அக்கா | செவ்வாய், காலை 8.50

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இப்போதுதான் ராத்திரி முடித்து வந்து பசியாறிக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் பெண்களை இரவு பத்து முதல் காலை ஐந்து வரை தொழிற்சாலையில் வைத்திருக்க முதலாளி தனி அனுமதி வாங்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் இருந்தது. 2023லிருந்து அந்தத் தடை இல்லை. சந்தோஷம்தான், எங்களுக்கும் ராத்திரி அலவன்ஸ் வேண்டும். ஆனால் வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் போல. நான் தொழிற்சாலை ஆள்கூட இல்லை தம்பி. கேண்டீன் கான்டிராக்டர் ஆள். எங்களுக்கு எந்த பஸ்ஸும் சொந்தமில்லை.

நிற்கிற இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 5.45க்கு வெளிச்சம் இருக்காது. பகல் ஷிப்ட் வரும்போது சிம்பாங் அம்பாட்டில் நான் நிற்கும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம், அது ஒரு நாள் எரியும் ஒரு நாள் எரியாது. அதனால் கொஞ்சம் தள்ளி, ரொட்டி சானாய் போடும் கடையின் ஓரமாக நிற்பேன். மாவு தட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை. அவர் வெள்ளிக்கிழமை கடை திறக்க மாட்டார். அன்றைக்கு என் மகன் தூக்கக் கலக்கத்தோடு வந்து கூட நிற்பான்.

கணக்குப்புலி | செவ்வாய், மதியம் 1.05

பெரியவர் சொன்னதை எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் என் உத்தேசம், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

முதலில் ஷிப்ட். இப்போது நிறையத் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம், நாலு நாள் வேலை இரண்டு நாள் ஓய்வு. அப்படியானால் பெயர் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு எந்த நாளும் வீட்டில் இருப்பார்கள். 45 பேர் பெயர் கொடுத்தால் அன்றாடம் வருவது 30. நாற்பத்து நாலு சீட் பஸ்ஸுக்கு நாற்பத்து நாலு பேரோடு பட்டியலை மூடினால் பஸ் மூன்றில் ஒரு பங்கு காலியாக ஓடும். அப்புறம், பஸ் ஞாயிறு, பெருநாள் எல்லாம் ஓட வேண்டும். தீபாவளி அன்றும்.

ஒரு பஸ், நாளுக்கு நாலு நடை, ஒரு நடை சுமார் 25 கிலோமீட்டர். பஸ் நிறுத்தும் ஷெட்டுக்குப் போய் வருவதையும் சேர்த்து 110. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் 37 லிட்டர். டீசல் லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் நாளுக்கு 110 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல், மாதம் 3,300. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்து ஒரே இரவில் 3.35 ஆக்கினார்களே, அதை மறந்துவிடாமல் கொஞ்சம் கையிருப்பு வையுங்கள். ஏழு நாளும் ஓட ஒரு டிரைவர் போதாது, ஒன்றரை ஆள் கணக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) சேர்த்து 4,500. பழைய பஸ்ஸுக்கு மாதத் தவணை 2,500. இன்சூரன்ஸ், டயர், ரிப்பேர் 1,500. மொத்தம் 11,800.

வரவு: பகல் ஆள் 30 போகிறார்கள், 30 திரும்புகிறார்கள். ராத்திரி 20, 20. நூறு ஏற்றம், ஏற்றத்துக்கு 3 வெள்ளி, நாளுக்கு 300, மாதம் 9,000.

துண்டு விழுவது 2,800. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். கியர் பாக்ஸ் போனால் அந்த மாதம் கதை கந்தல்.

செந்தூல்காரன் | செவ்வாய், மதியம் 1.40

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். கட்டணமே இல்லாமல் விட வேண்டியதுதானே? இங்கே கோகேஎல் பஸ் 2012லிருந்து ஓடுகிறது, செலவு மாநகர மன்றம் பார்த்துக்கொள்கிறது. சிலாங்கூரில் 2015லிருந்து ஸ்மார்ட் சிலாங்கூர் பஸ். உங்கள் பினாங்கிலும் ஜார்ஜ் டவுனுக்குள் சிஏடி (CAT) என்று இலவசப் பஸ் இருக்கிறதே. செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் ஊரில் 1975லிருந்து 1998 வரை பிங்க் நிற மினி பஸ் ஓடியது, கடைசியில் அறுபது காசு. அப்பா இன்னும் அதைப் புகழ்வார், நான் புகழ மாட்டேன். பாஜாக் முறை, அதாவது டிரைவர் முதலாளிக்கு நாள் வாடகை கட்டிவிட்டு மீதி வசூலைத் தான் வைத்துக்கொள்வார். அதனால் ஆள் நிறையும் வரை ஓர் இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். நிறைந்துவிட்டால் நடுவில் கையைக் காட்டினாலும் நிற்காது. டிரைவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். வசூலோடு அவர் வயிற்றைக் கட்டாதீர்கள்.

அரை மணிக்கு ஒரு பஸ் என்று ஆசைப்படவும் வேண்டாம். போய் வர, நின்று திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும் வழியில் அரை மணிக்கு ஒன்று விட நாலு பஸ் வேண்டும், கெட்டுப்போனால் மாற்ற ஐந்தாவது. உங்களுக்கு வேண்டியது சரியான நேரத்தில் ஒன்று.

பெர்மிட்தாத்தா | செவ்வாய், இரவு 8.20

இலவசமோ காசோ, முதலில் பெர்மிட்.

2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஆப்பரேட்டர் லைசென்ஸ் வேண்டும். தீபகற்பத்தில் கொடுப்பது அபாட், போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். இது மத்திய அரசின் கதை என்பதால் உங்கள் ஒய்பி (மக்கள் பிரதிநிதி) பரிந்துரைக் கடிதம் தரலாம், பெர்மிட் தர முடியாது. டிரைவருக்கு பிஎஸ்வி, அதாவது பயணிகள் வண்டி ஓட்டும் லைசென்ஸ். வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. நிற்கும் இடத்துக்குக் கூரை போடுவது மாநகர் மன்றம். சாலையோரம் பெரும்பாலும் ஜேகேஆர் (பொதுப்பணித் துறை). ஒரு பஸ்ஸுக்கு நாலு கதவு தட்ட வேண்டும், நாலு கதவுக்கும் வெவ்வேறு ஃபாரம்.

யாரோ ஒருவர் “வேன் ஒன்று வாங்கி ஆளுக்கு மூன்று வெள்ளி வாங்கினால் என்ன” என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது சாப்பு, லைசென்ஸ் இல்லாத கள்ளக் கூலி வண்டி. பிடித்தால் வண்டி போகும். பிடிக்காமல் விட்டாலும் விபத்து நடந்தால் சொந்த வண்டி இன்சூரன்ஸ் கூலிக்கு ஏற்றிய ஆளுக்குப் பணம் தராது. பதினாலு பேரை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயம் வேண்டாம்.

யார் கையைக் காட்டினாலும் ஏற்றி டிக்கெட் கிழிக்கிற பஸ் என்றால் பாஸ் பெர்ஹெந்தி ஹெந்தி, வழித்தடத்துக்கே ஒப்புதல் வேண்டும், நீண்ட வேலை. பக்கத்தில் “பாஸ் பெக்கர்ஜா” என்று எழுதி ஓடுகிறதே, அது தொழிலாளர் பஸ், கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு அதன் ஆட்களை ஏற்றுவது. அந்த லைசென்ஸோடு பஸ்ஸைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கும் ஆப்பரேட்டர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பஸ் வாங்கவே வேண்டாம். ஆளைச் சேர்த்துக் கொடுங்கள், அவர் ஓட்டுவார். பெயர்ப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும்தான் ஏறலாம், அதுதான் நிபந்தனை.

நைட்ஷிப்ட்அக்கா | புதன், காலை 9.02

அப்போது நான்?

வால்டோர்வாசி | புதன், காலை 9.15

அக்கா, அதுதான் எனக்கும் உறைத்தது. எல்லாரும் ஏறலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பட்டியல் பஸ் என்றால் கேண்டீன், துப்புரவு, காவலர் எல்லாம் வெளியே நிற்பார்கள். உண்மையில் மோட்டாரும் இல்லாதவர்கள் அவர்கள்தான்.

பெர்மிட்தாத்தா | புதன், மதியம் 12.30

பட்டியல் யார் போடுவது? நீங்கள்தானே. கான்டிராக்டரும் ஒரு கம்பெனிதான் லா. அவர் தன் ஆட்களின் பெயரோடு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்பந்தத்தில் சேர்ந்தால் அவர்களும் தொழிலாளர்களே. ஆப்பரேட்டர் சம்மதித்தால் போதும் என்று விட்டுவிடாமல் அபாட் கவுண்டரிலும் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்புலி | புதன், மதியம் 12.48

அந்தத் துண்டு 2,800ஐக் கம்பெனிகளிடம் கேட்கலாம். நாலு கம்பெனி என்றால் ஆளுக்கு 700 வெள்ளி. ஆள் இல்லை ஆள் இல்லை என்று சிம்பாங் அம்பாட் சந்திப்பில் பேனர் கட்டுகிறார்களே, அந்தச் செலவில் ஒரு துளி. ஆனால் “சமூக சேவை” என்று போய் நிற்காதீர்கள், புகைப்படம் எடுத்துவிட்டு அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். “தாமதம் எவ்வளவு குறையும்” என்று பேசுங்கள்.

சிம்பாங்நாலு | புதன், மாலை 6.11

சிம்பாங் அம்பாட்டில் கொமுட்டர் ரயில் நிலையம் இருக்கிறது. நிபோங் திபாலிலும் இருக்கிறது. ரயிலில் வந்து அங்கிருந்து பத்து காவானுக்கு மட்டும் பஸ் விட்டால் வழி பாதியாகும், டீசல் பாதியாகும். பாரிட் புந்தார் ஆட்கள்கூட வரலாமே?

பழைய ஸ்டீயரிங் | புதன், இரவு 7.40

நல்ல யோசனை, ஆனால் பகல் ஆபீஸ் ஆட்களுக்கு. ரயில் பத்து நிமிடம் பிந்தினால் பஸ் காத்திருக்குமா? காத்திருந்தால் மற்றவர்களுக்குக் கேட் மூடும். முதல் பஸ்ஸே நிலைக்காதபோது இரண்டு வண்டியைக் கோக்காதே. ஆறு மாதம் ஓடட்டும், பிறகு பேசுவோம்.

நேரம் பற்றி ஒன்று. ஏழுக்கு ஷிப்ட் முடிந்தால் ஏழுக்குப் பஸ் எடுக்காதே. கைமாற்றிவிட்டு, அந்த வெள்ளை உடுப்பைக் கழற்றி, கேட்டில் பை சோதனை முடித்து வெளியே வர 7.20. நான் 7.25 வைப்பேன், 7.30க்கு ஹாரன், அதற்கு மேல் யாருக்காகவும் நிற்க மாட்டேன். முதல் வாரம் நாலு பேர் ஓடி வந்து கையை ஆட்டுவார்கள். நின்றாயோ போச்சு. அடுத்த வாரம் பத்துப் பேர் கையை ஆட்டுவார்கள்.

வால்டோர்வாசி | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 10.25

நிலவரம் சொல்கிறேன். கூகுள் ஃபார்ம் போட்டோம், பாதிப் பேர் நிரப்பவில்லை. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோயில், பாலாய் ராயா (சமூக மண்டபம்), இரண்டு தாமான் கடைத்தெரு என்று உட்கார்ந்து எழுதினோம். 52 பெயர். பகல் 31, ராத்திரி 14, மீதி ஏழு பேர் எட்டரை மணி நார்மல் ஷிப்ட். கணக்குப்புலி சொன்ன நாலு-இரண்டு சுழற்சியைக் கழித்தால் பகல் ஆட்கள் நடைக்கு இருபது சொச்சம், ராத்திரி அதற்கும் குறைவு. அதனால் பெரிய பஸ் வேண்டாம் என்று முடிவு. தொழிலாளர் பஸ் லைசென்ஸோடு 27 சீட் வண்டி வைத்திருக்கும் ஓர் ஆப்பரேட்டர் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

இரண்டு கம்பெனி பணம் தருகிறது. மூன்றாவது ஒன்று, பெயர் வேண்டாம், “எங்கள் ஆட்களிடம் சொந்த வாகனம் இருக்கிறது” என்று பதில் எழுதியது. அவர்களின் ஒன்பது பேர் எங்கள் நோட்டில் இருக்கிறார்கள். கேண்டீன் கான்டிராக்டர் முதலில் தயங்கினார், அக்கா நேரில் போய்ப் பேசினார், கடிதம் வந்துவிட்டது. அபாட்டிலும் கேட்டோம், பட்டியலோடு ஒப்பந்த நகலை வண்டியில் வைத்திருக்கச் சொன்னார்கள்.

நேரம்: நிபோங் திபால் 5.40, சுங்கை பாக்காப் 5.53, வால்டோர் 6.02, சிம்பாங் அம்பாட் 6.12, பத்து காவான் முதல் கேட் 6.35. சிம்பாங் அம்பாட் நிறுத்தத்தை விளக்குக் கம்பத்திலிருந்து ரொட்டி சானாய் கடை வாசலுக்கு மாற்றிவிட்டோம். கடைக்காரர் வெள்ளிக்கிழமையும் முன் விளக்கை எரிய விடுவதாகச் சொல்லியிருக்கிறார். சாயந்திரம் 7.25, பெரியவர் சொன்னபடி 7.30க்கு ஹாரன்.

நைட்ஷிப்ட்அக்கா | ஞாயிறு, காலை 8.30

கடைக்காரர் இன்னும் ஒன்று சொன்னார் தம்பி: “6.12 என்றால் 6.05க்கே தே தாரிக் ஆர்டர் சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் கேட்டால் பாக்கெட்டில் கட்ட முடியாது.”

மழைக்கோட்டு | ஞாயிறு, காலை 11.04

பாயான் லெப்பாஸ் வேலையை விட்டுவிட்டேன், அடுத்த மாதம் பத்து காவானில் சேர்கிறேன். நார்மல் ஷிப்ட். பட்டியலில் இடம் உண்டா? வெயிலிலும் வருவேன்.

பழைய ஸ்டீயரிங் | ஞாயிறு, காலை 11.20

எட்டரைக்கு வேலை என்றால் 6.35க்கு இறங்கி என்ன செய்வாய்?

மழைக்கோட்டு | ஞாயிறு, காலை 11.26

அக்கா கேண்டீனில் பசியாறுவேன். காலை விடுங்கள் ஐயா, திரும்புவதுதான் சந்தேகம். ஐந்தரைக்கு முடியும், வாரத்தில் மூன்று நாள் ஓ.டி. ஏழு வரை என்கிறார்கள்.

பழைய ஸ்டீயரிங் | ஞாயிறு, காலை 11.31

அந்த மூன்று நாளும் 7.25 பஸ் இருக்கிறது. மற்ற நாள் மோட்டாரில் வா. தம்பி, இவன் பெயரைப் பென்சிலில் எழுது.